முதல் பத்து கிலோ

டோக்கன் பதினேழு, திம்மராயன், வயது நாற்பத்தொன்று.
பர்கூர் பக்கம் கல்குவாரியில் டிரில் பிடிக்கிறவர்.
பிப்ரவரியில் பலகைக்கல் சரிந்து
முழங்காலுக்குக் கீழே இரண்டாய் முறிந்தது.
பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு.
நேற்றுதான் அறுத்து எடுத்தார்கள்.

"மூச்சை அடக்கணுமா மேடம்?"
காலுக்கு வேண்டாம் என்றேன்.
அடக்கிக்கொண்டார்.

முறிவு கூடியிருந்தது.
அதோடு படத்தை உறையில் போட்டிருக்கலாம்.
குதிகால்தான் கண்ணை இழுத்தது.

பிப்ரவரி படத்தையும் எடுத்து
இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன்.
பழையதில், குதிகால் எலும்புக்குள்
வெள்ளை இழைகள் வளைந்து வளைந்து இறங்குகின்றன.
சந்தூர்த் தோப்புகளில்
காய் முற்றிய பெங்களூரா மரத்துக்குக்
கவட்டைக்கம்பு நிறுத்துவார்களே, அப்படி.
பாரம் விழும் வழி எதுவோ
அந்த வழியில் ஒரு முட்டு.
விழாத இடத்தில் ஒரு குச்சி கிடையாது.
இருபது வருஷம் பாறைமேல் நின்று அதிர்ந்து
அந்த ஆள் தனக்குள் நட்ட கம்புகள்.

இன்றைய படத்தில்
காய் பறித்து முடிந்த தோப்பு.
கம்பை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வெளியாள் யாருமில்லை.
எலும்புக்குள், ஆளுக்கொரு குழியில்
அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன உயிரணுக்கள்,
அணைக் கால்வாயில் மதகு பார்க்கும்
லஸ்கர்களைப் போல.
இவர்களுக்கு இடமாற்றம் இல்லை, லீவும் இல்லை.
மயிரைவிட மெல்லிய வாய்க்கால்களில்
கால் ஊன்றும்போதெல்லாம் நீர் நகரும்.
நகர்ந்தால் கட்டுகிறவர்களுக்குச் சேதி போகும்.
பன்னிரண்டு வாரம் ஒரு சொட்டு நகரவில்லை.
கரைக்கிறவர்களுக்குப் போய்விட்டது சேதி:
இங்கே யாரும் வருவதில்லை, பிரித்துக்கொள்.

கோபிக்க முடியவில்லை.
ஆளில்லாத வீட்டுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

தருமபுரியில் வேலை பார்த்தபோது
பென்னாகரத்துக் கெம்பம்மாளின் முதுகெலும்பைப் படம் எடுத்தேன்.
சாக்பீஸ் மாதிரி ஒரே வெள்ளை, இழையே தெரியவில்லை.
ஆழ்துளைக் கிணற்று ஃபுளோரைடு
கேட்காமலே கொடுத்த கனம்.
எவ்வளவு சுமந்தாய் என்று விசாரிக்காமல்
ஏறிய எலும்பு.
குனிந்து செருப்பு மாட்ட முடியாது அந்த அம்மாவால்.

மதியம் பிசியோதெரபி அறையைக் கடந்து போனேன்.
ஹஜீரா, எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து
"அந்தக் காலால அழுத்துங்கண்ணா,
முள்ளு பத்துக்கு வரணும்" என்கிறாள்.
நாலில் நடுங்குகிறது முள்.
"பத்து கிலோன்னா அரைப்பெட்டி மாங்கா.
இருபத்தஞ்சு கிலோ மெஷின் பிடிச்ச ஆளு நான்.
வேர்க்குது பாருங்க."
ஐந்து.
திரும்ப மூன்று.

எலும்புக்குக் கணக்குத் தெரியும், நியாயம் தெரியாது.
மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் எண்பதாயிரம்
கழியும்வரை அவர் பாறைமேல் நின்றாக வேண்டும்.
அந்தப் பாரம் யாருடையது என்று
குழிக்குள் இருப்பவை கேட்கப்போவதில்லை.
நீர் நகர்ந்தால் கம்பு நடும், அவ்வளவுதான்.
குதிகாலில் மறுபடி கோடு விழ வேண்டும் என்று
நான் ஆசைப்படுவது
அவருக்காகவா, மேஸ்திரிக்காகவா?

ஏழு. எட்டு.
கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன.
"மூச்சை விடுங்க" என்றாள் ஹஜீரா.
அவர் விட்டார்.
முள் பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
ஒரு நொடி இருக்கும்.
உள்ளே எந்த வாய்க்காலில்
எவ்வளவு நகர்ந்ததோ.

வெளியே மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் ஹாரன்.
அறைக்குத் திரும்பி
ஈய அங்கியை மாட்டிக்கொண்டேன்.
நாலு கிலோ, பதினோரு வருஷமாய்.
என் தோளுக்குள் அது என்ன எழுதியிருக்கிறது என்று
படம் எடுத்துப் பார்த்ததில்லை.

டோக்கன் நாற்பத்து மூன்று, உள்ளே வாங்க.